வகுப்பறையில் நாவல்: ஆசிரியர், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பில் அனைவருக்கும் ஒரே நாவலைக் கொடுத்து, அத்தியாயந்தோறும் அருஞ்சொற்பொருளும் குறுவினாக்களும் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. எங்கே தவறினேன் ஐயா?

பதில்: தடை அந்தக் குறுவினாக்களில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். தகவலை எடுத்துக்கொள்வதற்காகப் படிப்பது வேறு, படிக்கும் பொழுதிலேயே கதைக்குள் வாழ்வதற்காகப் படிப்பது வேறு என்று லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க அறிஞர் வேறுபடுத்திக் காட்டினார். வினாத்தாளைப் பக்கத்தில் வைத்திருக்கும் மாணவர் விடையைத் தேடித்தான் பக்கம் புரட்டுவார்.

முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை அப்படிப் படித்தபோது, கதையில் வரும் சிறுமி இரவில் ஒரு கதவைத் தட்டும் இடத்தில், திறப்பவர் யார் என்று தெரிவதற்கு முன் புத்தகத்தை மூடிவிட்டேன். வழக்கமாக எதிலும் கலந்துகொள்ளாத கடைசி வரிசை மாணவன் ஒருவன், இடைவேளையில் என் மேசைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் நான் தொடர்வதற்குள் அவன் நான்கு அத்தியாயங்களை முடித்திருந்தான். வினாக்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாவலை முழுவதும் படித்து முடித்த பிறகு கேளுங்கள்.

கேள்வி: படித்து முடிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் பரிசு தரலாமா?

பதில்: ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகளிடம் இதைச் செய்யாதீர்கள். மார்க் லெப்பர் முதலியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. சில நாள்கள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாதபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம், பரிசே பெறாத குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. அது ஓவியத்தைப் பற்றிய ஆய்வு என்றாலும், பக்கங்களை எண்ணிப் பரிசு தரும் வகுப்புகளில் மாணவர்கள் மெலிந்த நூல்களையே தேடி எடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அடுத்துப் படிக்க ஒரு நூலை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: சரளமாகப் படிக்கத் தெரியாத மாணவி, உரக்கப் படிக்கும் முறை வரும்போது அழுதுவிடுகிறாள்.

பதில்: வரிசையாக எழுப்பிப் படிக்க வைக்கும் வழக்கத்தை நாளையே நிறுத்திவிடுங்கள். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் கதை விழுவதில்லை. பிறகு நூலின் கடினத்தைப் பாருங்கள். இரண்டாம் மொழியில் புனைகதை படிப்போரை ஆராய்ந்த ஹூ, நேஷன் ஆகியோர், உதவியின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் கண்டனர். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால், அந்த நூலை அவள் பிறகு படிக்கலாம். ஒலிப்பதிவைக் கேட்டபடி எழுத்தைப் பின்தொடர்வதும் நல்ல வழி. அதை அவளுக்கு மட்டும் தனியாகக் கொடுக்காமல், விரும்புகிற எல்லோருக்கும் கொடுங்கள்.

கேள்வி: படக்கதைகளை வாசிப்பாகக் கணக்கில் கொள்ளலாமா?

பதில்: தாராளமாக.

கேள்வி: தேர்வில்லாமல் எப்படி மதிப்பிடுவது?

பதில்: நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த அல்லது புரியாத ஒரு பத்தியைக் குறித்துக்கொண்டு வந்து, ஏன் அதைத் தேர்ந்தார் என்று சொல்லட்டும். நீங்கள் பேசாமல் கேட்டுக் குறிப்பெடுங்கள். யார் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: என் மகன் எந்த நாவலையும் பாதியிலேயே விட்டுவிடுகிறான். கண்டிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. எந்த இடத்தில் விட்டான் என்று மட்டும் கேளுங்கள். வருணனை நீளும் இடத்திலா, பாத்திரங்கள் பெருகிக் குழம்பும் இடத்திலா என்று தெரிந்தால், அடுத்த நூலை அதற்கேற்பத் தேடித் தரலாம். விட்ட நூலை அலமாரியில் அவன் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.