17 வயது மகனின் பைக் பந்தயம்: தந்தை மீது வழக்கு வருமா?

கேள்வி: என் பெயரில் உள்ள 150 சிசி பைக்கை 17 வயது மகன் இரவில் எடுத்துச் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு பந்தயம் விடுகிறான். சென்ற வாரம் போலீசார் என்னை அழைத்து எச்சரித்தனர். மீண்டும் பிடிபட்டால் என் மீதும் வழக்கு வருமா? பைக் திருடுபோனதாக இப்போதே புகார் கொடுத்துவிடச் சொல்கிறார் ஒரு நண்பர்.

பதில்: வரும், அதற்குப் பந்தயம்கூடத் தேவையில்லை. 18 வயது நிறையாத ஒருவர் இந்த பைக்கைப் பொதுச் சாலையில் ஓட்டுவதே குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் செய்யும் வாகனக் குற்றத்துக்குப் பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். இங்கே இருவரும் தாங்களே. தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயது நிறையும்வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பந்தயத்துக்கான 189-ஆம் பிரிவு (முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்) மகனுக்குத் தனி. அவன் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான்.

தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் அனைத்தும் எடுத்துக்கொண்டதாகவோ மெய்ப்பிக்கும் பெற்றோருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் தங்கள் சம்மதத்துடன்தான் வண்டி ஓடியது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். போலீசார் எச்சரித்த அன்றே 'தெரியாது' என்ற வாதமும் போய்விட்டது. எஞ்சியிருப்பது உரிய கவனம் ஒன்றே. சாவியை அலமாரியில் வைத்தேன், பலமுறை கண்டித்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்வது அதற்குப் போதாது என்பது என் கருத்து.

நண்பரின் யோசனையைக் கைவிடுங்கள். பொய்ப் புகார் தனிக் குற்றம் என்பதோடு, பெற்ற மகனையே திருட்டு வழக்கில் சிக்க வைக்கும்.

வழக்கைவிட எனக்குக் கவலையளிப்பது விபத்து. உரிமமற்ற சிறுவன் ஓட்டிய வண்டி மோதி வழிப்போக்கர் ஒருவர் இறந்தால், இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் செலுத்திவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும்.

ஆகவே பைக்கை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உறவினர் வீட்டில் நிறுத்துவதானாலும் சாவி தங்களிடமே இருக்கட்டும். விற்பதானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். ஆர்.சி.யில் தங்கள் பெயர் உள்ளவரை, சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் தாங்கள்தான்.