மலை ஏறினால் மனிசன் மாறுவானா? – வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: இமயமலைப் பனிப்பகுதியான சியாச்சினில் நிற்கும் இந்தியப் படையினரைப் பற்றி யூரியூப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். போய் வந்தவர்கள் மறதி, எரிச்சல், நித்திரையின்மை என்று சொல்கிறார்கள். இது குளிரும் தனிமையும் செய்கிற வேலையா, உயரமே மூளையைப் பாதிக்குமா?
– ஆசிரியை, மாங்குளம்

பதில்: மூன்றும்தான் ரீச்சர், ஆனால் முதல் குற்றவாளி உயரம். மேலே காற்றில் ஒட்சிசனின் பங்கு குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, மாங்குளத்திலும் எவரெஸ்டிலும் அது ஏறத்தாழ 21 வீதம்தான். குறைவது வளியமுக்கம். 5,500 மீற்றரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி, ஆகவே ஒரு மூச்சில் உள்ளே போகிற ஒட்சிசனும் பாதியாகிவிடும். சியாச்சின் பக்கத்துக் காவலரண்கள் சில 6,000 மீற்றரையும் தாண்டியவை. உடம்பின் நிறையில் 2 வீதமே இருக்கிற மூளை, உடம்பு பாவிக்கிற ஒட்சிசனில் ஐந்தில் ஒன்றை எடுக்கிறது, தட்டுப்பாடு வந்தால் அது தாங்குமா?

பழகிய வேலைகள், உதாரணத்துக்குத் துவக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது, பெரும்பாலும் தப்பிவிடும். வரைபடத்தைப் பார்த்து வழியை முடிவெடுப்பது, கணக்குப் போடுவது, புதிதாகச் சொன்ன ஒன்றை மனதில் வைத்திருப்பது, இவைதான் தடுமாறும். வேகமாக மேலே போனவனுக்கு முதலில் லேசான வெறி மாதிரி ஒரு உசார்கூட வரலாம், அப்புறம் தலையிடி, சோர்வு, ஒன்றுமில்லாததுக்கெல்லாம் பக்கத்தில் இருப்பவன்மேல் பாய்கிற குணம். இரவில் மூச்சு சில விநாடி நின்று திரும்பத் தொடங்கும், அதனால் நித்திரை துண்டுதுண்டாகி எரிச்சல் இன்னும் கூடும். இதற்கு மேல் மைனஸ் 50 பாகைக் குளிர், பனிச்சரிவுப் பயம், கிழமைக்கணக்கில் அதே சில முகங்கள். 2016 பெப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்த மதராஸ் ரெஜிமென்ற் படையினர் 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டவர்கள்.

எனக்கு இதில் பயமாகத் தெரிவது ஒன்று. புத்தி மங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அதே மங்கிய புத்திதான். 1933 இல் எவரெஸ்டில் தனியே ஏறிக்கொண்டிருந்த ஃபிராங்க் ஸ்மைத், பக்கத்தில் ஒருவர் வருவதாகவே நம்பி, கையிலிருந்த மின்ற் இனிப்பை இரண்டாக்கித் திரும்பி ஒரு பாதியை நீட்டினார். இத்தனைக்கும் மலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். ஆகவே மேலே நிற்கிறவன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன், கூட நிற்பவனைத்தான் கேட்பேன்.

கேள்வி: நல்ல தேகக்கட்டு உள்ளவர்களை இந்த மலைவருத்தம் தாக்காதாமே?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தாக்கும். சொல்லப்போனால் பலசாலி வேகமாக ஏறுவான், வருத்தத்தையும் மறைப்பான், படையில் இருப்பவன் என்றால் கேட்கவே வேண்டாம், கோழை என்று பெயர் எடுக்க யாருக்கு விருப்பம்? 1962 இந்திய–சீனப் போரில் சமவெளியில் இருந்த படைகளை அவசரமாக மலைக்கு ஏற்றியபோது, குண்டு படாமலே நுரையீரலில் நீர் கோத்து விழுந்தவர்கள் பலர். இந்திய இராணுவ வைத்தியர்கள் மலைவருத்தம் வந்த 1,925 படையினரைப் பற்றி 1969 இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படுகிறது. இப்போது அங்கே மூன்று கட்டமாக, மொத்தம் 14 நாள் பழக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். லீவில் ஊருக்கு வந்து திரும்பிப் போகிறவனுக்கும் உடம்பு பழைய பழக்கத்தை விட்டிருக்கும், அவனும் திரும்பப் பழக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, கைலாய யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்டா. குளிசை போட்டால் போதும் என்கிறார் கூட்டிக்கொண்டு போகிறவர். விடலாமா?
– மகள், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, குளிசை மட்டும் போதாது. மானசரோவர் 4,590 மீற்றரில் இருக்கிறது, கைலாயத்தைச் சுற்றும் பாதையில் டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேலே. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படட்டும், அதில் பிழையில்லை. சியாச்சின் படையினரும் அடிவார முகாமில், தங்கள் காவல்தெய்வமாக நம்புகிற ஓ.பி. பாபாவின் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ஆனால் கும்பிட்டதோடு விடாமல் படிப்படியாகவும் ஏறுகிறார்களே! 3,000 மீற்றருக்கு மேல், இரவு தங்குகிற இடம் முதல் நாள் தங்கியதைவிட 500 மீற்றருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு ஓய்வுநாளும் வேண்டும். பயண அட்டவணையை வாங்கி இதை ஒவ்வொரு இரவாகப் பாருங்கள், பொருந்தாவிட்டால் வேறு குழுவைத் தேடுங்கள்.

குளிசை என்று அவர் சொல்வது அநேகமாக அசெட்டசோலமைட். உடம்பு பழகுவதை அது விரைவுபடுத்தும், ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுப் பார்க்காமல் தொடவே கூடாது. அம்மாவின் இருதயத்தையும் பிரஷரையும் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். மேலே நித்திரைக் குளிசை வேண்டாம்.

இன்னொன்று, தனியே விடாதீர்கள். கூடப் போகிறவர் தினமும் அம்மாவை, ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியில் வைத்து வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால், பேச்சு மாறினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடுச்சாமம் என்றாலும் கீழே இறக்க வேண்டும், இருந்தால் ஒட்சிசனும் கொடுத்துக்கொண்டே. அம்மா "இவ்வளவு தூரம் வந்துட்டன், பார்த்திட்டுத்தான் வருவன்" என்று அழுவா. அந்த நேரத்தில் அவவின் சொல்லைக் கேட்பதில்லை என்று வீட்டிலேயே, அவவின் வாயாலேயே, ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

கேள்வி: நுவரெலியா போகும்போதெல்லாம் எனக்குத் தலைசுற்றும், சத்தியும் வரும். இதுவும் அதுதானா?
– மல்லாவி வாசகர்

பதில்: இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர்தான், மலைவருத்தம் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் வரும். நம் நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீற்றர். உங்களுக்கு வருவது பஸ்ஸின் வளைவுகளால், முன் சீற்றில் இருங்கள், அடுத்த முறை நானுஓயா வரை ரயிலில் போய்ப் பாருங்கள்.