மிளகாய் நாற்றில் பக்கவேர் இல்லை: வேர் ஊக்கி ஊற்றலாமா?

கேள்வி: குழித்தட்டில் விட்ட மிளகாய் நாற்றுக்கு 30 நாள் ஆகிறது. தழை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பிடுங்கினால் ஆணிவேர் மட்டும் நீளமாக வருகிறது, பக்கவேர் இல்லாததால் கட்டி உதிர்ந்துவிடுகிறது. பக்கத்துத் தட்டில் வேறு ரகம், அதில் வேர் சடைபிடித்திருக்கிறது. தட்டுகள் தரையில்தான் இருக்கின்றன. காலை மாலை தண்ணீர், வாரம் இருமுறை யூரியாக் கரைசல் கொடுக்கிறேன். குச்சி நடவுக்கு வாங்கிய வேர் ஊக்கித் தூள் மீதம் இருக்கிறது. கரைத்து ஊற்றலாமா ஐயா?

பதில்: வேண்டாம். அந்தத் தூள் வேரே இல்லாத தண்டுத் துண்டில் புதிதாக வேர் கிளப்புவதற்கானது. அதில் இருப்பது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வகை. தண்டு தாங்கும் அளவை வேர் தாங்காது. சற்றே கூடினாலும் வேர்நுனி நீள்வது நின்றுபோகும். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி கூட ஆக்சினைப் போல நடிக்கும் மருந்துதான். மிளகாயும் அகன்ற இலைச் செடிதான் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் நாற்றிடம் சொந்த ஆக்சின் உண்டு. கொழுந்திலும் இளந்தளிரிலும் உருவாகி வேருக்கு இறங்குகிறது. வேரின் நடுக்குழாயைச் சுற்றியுள்ள உறையில் எந்தச் செல்லில் அது சேர்கிறதோ, அந்தச் செல் பிரிந்து பெருகி, வெளித்தோலைக் கிழித்துக்கொண்டு பக்கவேராக வரும். சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் இதற்கு எதிராளி; பக்கவேர் துளிர்ப்பதை அடக்கும். எந்த இடத்தில் எது ஓங்கும் என்பதை ஈரமும் காற்றும் உரமும் பெரிதும் மாற்றிவிடும். கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் தட்டைத் தரையிலிருந்து தூக்குங்கள். அடித்துளை வழியே ஆணிவேர் ஈரமண்ணைத் தொட்டுவிட்டது. நுனி ஓடும்வரை மேலே கிளைக்கும் அவசரம் அதற்கு இல்லை. கம்பி வலைமேல் வைத்து அடியில் காற்று புகவிட்டால், துளையை எட்டும் நுனி காய்ந்து கருகும். நுனியின் அடக்குமுறை போனதும் மேலிருந்து பக்கவேர் கிளம்பும். கொழுந்தைக் கிள்ளினால் செடி பக்கக்கிளை விடுவது போலத்தான்.

காலை மாலைத் தண்ணீரையும் நிறுத்துங்கள். மேல்பரப்பு வெளுத்த பிறகு, அடிவரை நனையும்படி ஊற்றினால் போதும். சதா ஊறிய கலவையில் வேருக்கு மூச்சு இல்லை. வேர் வெளியிடும் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் சுற்றியே தேங்கி, வளர்ச்சியைத் தடுக்கும். இறுகிய நிலத்திலும் இதே கதைதான், ஆகவே நடவு வயலைப் பொலபொலப்பாக உழுது வையுங்கள். யூரியாவை இப்போதே நிறுத்துங்கள். தழைச்சத்து வயிறு முட்டக் கிடைத்தால் செடி வேரைப் பரப்பித் தேடாது.

பக்கத்துத் தட்டு ரகம் இதே கவனிப்பில் சடைபிடித்தது மரபணு வேறுபாடாக இருக்கலாம். நெல்லில் இதற்கு நல்ல சான்று உண்டு: ஐ.ஆர்.64 என்ற ரகம் ஆழமில்லாமல் மேலாக வேர் விடும், பிலிப்பைன்ஸின் கினாண்டாங் பாட்டோங் ரகம் ஆழமாக விடும். வேரின் சாய்வுக் கோணத்தை மாற்றும் டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவை அதிலிருந்து ஐ.ஆர்.64-க்குக் கொண்டுவந்தபோது வேர் ஆழமாகி வறட்சியைத் தாங்கியது. 2013-ல் வெளியான ஆய்வு இது. ஆகவே உங்கள் ரகம் அடுத்த தட்டின் அளவுக்குச் சடைபிடிக்காமலும் போகலாம். கட்டி உதிராமல் வந்தால் நடலாம்.

இருக்கும் நாற்றை ஒரு வாரம் இப்படிப் பழக்கி, இரண்டு மூன்று குழியில் உருவிப் பார்த்துவிட்டு நடுங்கள். தரையில் ஓடிய வேர் தூக்கும்போது அறுபடும், அன்று மட்டும் நிழல் கொடுங்கள். மீதித் தூளை ஈரம் படாமல் மூடி வையுங்கள், அடுத்த குச்சி நடவுக்கு ஆகும்.