கையெழுத்துப் போட மறுக்கும் தங்கை

கேள்வி: விசைத்தறிக் குடும்பம் ஒன்றை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடங்கும் முன்பே எல்லாப் பாத்திரங்களுக்கும் எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ்) முறைப்படி ஆளுமை வகை குறித்து அட்டவணை போட்டுவிட்டேன். அம்மா ஐ.எஸ்.டி.ஜே., அண்ணன் ஈ.எஸ்.டி.ஜே., தம்பி ஐ.என்.எஃப்.பி. நடுவில் பிறந்த தங்கை ஐ.எஸ்.எஃப்.ஜே., அதாவது அமைதியானவள், விட்டுக்கொடுப்பவள். ஆறாவது அத்தியாயத்தில் பாகப்பிரிவினை. எல்லோரும் அட்டவணைப்படியே பேசுகிறார்கள், ஆனால் உயிரில்லை. தங்கை மட்டும், சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். அது அவள் வகைக்குப் பொருந்தவில்லை. அட்டவணையை மாற்றுவதா, காட்சியை மாற்றுவதா? எனியகிராம் என்ற இன்னோர் ஆளுமை வகை முறைக்குப் போய்விடலாமா?
– ஒரு வாசகி, பல்லடம்

அன்புள்ள வாசகிக்கு,

காட்சியை மாற்றாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் மனதில் நின்றவள் அந்தத் தங்கை ஒருத்திதான். மற்றவர்கள் நீங்கள் எழுதிவைத்ததைச் செய்கிறார்கள். அவள் தனக்கு வேண்டியதைச் செய்கிறாள். ஆறு அத்தியாயங்கள் எழுதிய பிறகு உங்களை மீறி ஒருத்தி எழுந்து நிற்கிறாள் என்றால், அந்த ஆறு அத்தியாயங்களும் வீணாகவில்லை.

அட்டவணை எங்கே இடறியது? சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது இந்த முறை. இசபெல் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர் என்பதால், கதை எழுதுகிறவர்கள் இதை நாடி வருவதில் எனக்கு வியப்பில்லை. அகமுகம், புறமுகம் என்பது போல எதிரெதிரான நான்கு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஆகப் பதினாறு வகைகள். எந்தப் பக்கம் என்பதைக் கேள்வித்தாள் முடிவுசெய்கிறது. அதை நிரப்புகிறவர் அந்த ஆளேதான்! ஆகவே அந்த நான்கு எழுத்துகளும் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நம்புகிறார் என்பதையே முதலில் சொல்கின்றன. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. நடுவில் நிற்பவரையும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் இதை நம்பத் தயங்குவதற்கு இவையெல்லாம் காரணம்.

நாவல் எழுதுகிறவருக்கோ இதே குறை பயன்படும். தங்கை பெயரில் அந்தக் கேள்வித்தாளை நிரப்புங்கள். அவள் கையால் நிரப்புவதாக நினைத்து எழுதுங்கள்: ஆமாம், நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆமாம், மற்றவர்கள் மனம் நோகக் கூடாது. பிறகு அதே தாளை அண்ணன் மனைவி தன் நாத்தனாரான அவளைப் பற்றி நிரப்பினால் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். இரண்டு தாள்களும் எங்கெல்லாம் மாறுபடுகின்றனவோ அங்கெல்லாம் உங்களுக்குக் காட்சிகள் கிடைக்கும். நான்கு எழுத்துகளில் கிடைக்காத அண்ணியும் அப்போது கிடைப்பார்.

உங்கள் ஊர் மனிதர்களை எப்படி வகைப்படுத்துகிறது என்பதையும் கவனியுங்கள். கறாரானவர், காரியக்காரர், வெள்ளந்தி, நெஞ்சழுத்தக்காரி, வீம்புக்காரி. இவற்றைச் சொல்பவர் யார் என்று தெரியாமல் எந்தச் சொல்லும் முழுமையாவதில்லை. முன்பணம் கேட்டு நிற்கும் தறித் தொழிலாளிக்கு உங்கள் கதையின் அம்மா கறாரானவர். வட்டிக்குக் கொடுத்தவருக்கு அதே அம்மா நாணயமானவர். பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் ஜவுளி உற்பத்தியாளரிடம் அண்ணன் எப்படிப் பேசுகிறான்? கூலி உயர்வு கேட்கும்போது அவன் குரல் தாழ்கிறதா? வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரல் யார்மீது உயர்கிறது? கோபத்தைக்கூட மரியாதைப் பன்மையில் சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. வெளியாரிடம் அவன் காட்டும் பணிவை அவனுடைய சுபாவம் என்று அட்டவணையில் ஏற்றிவிடாதீர்கள்.

நான் பாத்திரங்களைப் பற்றி யோசிக்கும்போது போய் நிற்கிற இடம் தொல்காப்பியத்தில் உணர்வுகள் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களைத் தருகிறது அது. அங்கே கோபக்காரர் என்று ஒரு வகை மனிதர் இல்லை. உறுப்பறை (உறுப்பை வெட்டுவது), குடிகோள், அலை (அடித்து வருத்துவது), கொலை என்று வெகுளி பிறக்கும் நான்கு இடங்கள் இருக்கின்றன. குடிகோள் என்றால் குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை.

உங்கள் பாகப்பிரிவினைக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் பெருமிதம் கொடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிச் சாவி இடுப்பில் இருந்தவரை யாருக்கு எவ்வளவு என்பதை அவரே முடிவுசெய்து கொடுத்தார். பங்கு பிரிந்தால் அவர் வாங்கித் தின்பவராகிவிடுவார். சட்டதிட்டம் பேசும் ஐ.எஸ்.டி.ஜே. அம்மா அந்தக் காட்சியில் தம்பிக்கு ஒரு தறியைக் கூடுதலாக எழுதச் சொல்லி அடம்பிடிக்கக்கூடும், கொடுப்பவராகக் கடைசியாக ஒருமுறை இருந்துபார்க்க. அண்ணனுக்கு இசைமை: கூட்டுக் குடும்பத்தை உடையாமல் காத்தவன் என்று ஊரில் வாங்கிய பெயர். தம்பிக்குக் கல்வி. தங்கைக்கு என்ன? அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவள் அவள். ஆயுளுக்கும் உறவு என்று ஊரறியச் சொன்ன சடங்கு அது. இன்று அதே அண்ணன், பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டுகிறான். தன் குடிக்குள்ளிருந்தே தனக்கு வந்த கேடாக அவள் அதை உணர்ந்தால், விட்டுக்கொடுப்பவள் என்ற சுபாவம் மாறாமலேயே மறுக்க முடியும். விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவளிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்த வலியை எழுதுங்கள்.

கதை நடக்கும் ஆண்டையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தத்தில்தான் அந்த வேறுபாடு நீங்கியது. தங்கைக்கு 1987-இல் கல்யாணமாகி, கதை 1995-இல் நடந்தால், அவளுடைய மறுப்புக்குப் பின்னால் இந்தப் பிறப்புரிமை நிற்காது. 2010 என்றால் அவள் கையெழுத்துக்காக அண்ணன் வீடு தேடி வந்து காத்திருக்க வேண்டும். ஒரே பெண், ஒரே சுபாவம். ஆனால் இரண்டு காட்சிகளிலும் அவள் உட்காரும் விதமே வேறாக இருக்கும்.

எனியகிராம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்பது வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படை அச்சம், ஓர் அடிப்படை விருப்பம். செயலின் காரணத்தைத் தேடுவதால் கதைக்கு எம்.பி.டி.ஐ.யைவிட நெருக்கமானது, அறிவியல் ஆதாரத்தில் இன்னும் பலவீனமானது. தம்பி பாத்திரத்துக்கு மட்டும் முயன்று பாருங்கள். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பது கடிதத்தில் எங்குமே இல்லை, உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று படுகிறது. எல்லோருக்கும் ஓர் அச்சத்தை ஒதுக்கிவிட்டால் இன்னோர் அட்டவணைதான் மிஞ்சும்.

பழைய அட்டவணையைக் கிழிக்க வேண்டாம். தறியில் பழைய பாவு நூலோடு புதியதைப் பிணைக்க வருபவர், பத்திர எழுத்தர், சாட்சிக் கையெழுத்துப் போடும் பங்காளி என்று ஒரு காட்சியில் வந்துபோகிறவர்களுக்கு அந்த நான்கு எழுத்துகளே போதும். ஒருவர் முந்திக்கொண்டு பேசுவார், ஒருவர் கணக்கை இரண்டுமுறை சரிபார்ப்பார். அவ்வளவில் அவர்கள் வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள். தங்கையின் பெயரை மட்டும் அதிலிருந்து அடித்துவிட்டு, முதல் ஐந்து அத்தியாயங்களில் அவளை அமைதியானவள் என்று நீங்களே சொல்லும் வரிகளைத் தேடி எடுத்துவிடுங்கள்.