வாய்ப்புற்றும் கடலை எண்ணெயும்: பெருந்துறை அன்பருக்கு

கொழுப்பு புற்றைப் பரப்பும் என்று உறவினர் சொன்னதால், வாய்ப்புற்று அறுவை சிகிச்சை முடிந்த தங்கள் தாயாருக்கு எண்ணெயை அடியோடு நிறுத்தியதாகவும், அவர் எடை குறைந்துவருவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. பரவும் திறனுள்ள வாய்ப்புற்றுச் செல்கள் சிடி36 என்னும் புரதத்தின் வழியே கொழுப்பின் கூறுகளான கொழுப்பமிலங்களை உள்ளிழுப்பதையும், அவற்றில் ஒன்றான பால்மிட்டிக் அமிலம் அப்பரவலைத் தூண்டுவதையும் பார்சிலோனாவின் ஆய்வாளர் சல்வடோர் அஸ்னார் பெனிட்டாவின் குழு எலிகளில் கண்டது. ஆனால் வேறு இரு கொழுப்பமிலங்களான ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள் அவ்வாறு தூண்டவில்லை என்று 2021இல் அதே குழு காட்டியது. நம் செக்குக் கடலை எண்ணெயில் பெரும்பகுதி இவ்விரண்டுமே. பால்மிட்டிக் மிகுந்தது பாமாயில்; அதை மட்டும் தவிர்க்கலாம்.

எலி ஆய்வை நம்பி நோயாளியைப் பட்டினி போடுவது எனக்குப் பெரும் கவலை தருகிறது. எடை இழப்பு சிகிச்சையைத் தாங்கும் வலுவையே குறைக்கும். மருத்துவர் தடை சொல்லாவிடில், குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோற்றில் கடலை எண்ணெய் விட்டுக் கொடுங்கள். இந்த வாரமே உணவியல் வல்லுநரையும் பாருங்கள்.