வாலாட்டினால் நாய் தேறிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: தோட்டக் காவலுக்கு வைத்திருக்கும் 20 கிலோ நாய் மூன்று நாளாக வாந்தி, கழிச்சலுடன் கிடந்தது. மருத்துவர் டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்திருக்கிறார். இன்று காலை தலையைத் தூக்கி வாலாட்டியது, கொஞ்சம் தண்ணீரும் குடித்தது. தேறிவிட்டதா? வழக்கமான தீனி எப்போது வைக்கலாம்?

பதில்: வாலாட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வளர்த்தவரைக் கண்டால் எழ முடியாத நாயும் வாலை அசைக்கும். மூக்கு ஈரத்தையும் நம்ப வேண்டாம்; நல்ல நாய்க்கும் தூங்கி எழும்போது மூக்கு காய்ந்திருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, குடித்த தண்ணீர் வயிற்றில் தங்குகிறதா என்பதுதான். சட்டி நிறைய வைத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்து, வயிறு உப்பி, அப்படியே கக்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை 50 மில்லி வையுங்கள். சில மணி நேரம் வாந்தி இல்லையென்றால் அளவைக் கூட்டுங்கள். இந்த எடைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 1 லிட்டர் தேவை. கழிச்சல் தொடர்ந்தால் அதற்கும் மேல். தண்ணீர் தங்கினால் சிறுநீர் நன்றாகப் போகும், நிறமும் வெளுக்கும்.

அடுத்து வாயைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வழுவழுவென்று ஈரமாக இருந்தால் நல்லது. விரல் ஒட்டினால் உடம்பில் இன்னும் நீர் போதவில்லை. ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தில் நிறம் பார்க்கலாம்.

காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்து வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: உடம்பு சில்லிட்டதும் காய்ச்சல் விட்டது என்று நிம்மதியடைகிறார்கள். 99க்குக் கீழே இறங்கி, நாய் துவண்டு கிடந்தால் அது ஆபத்து; ரத்த ஓட்டம் தளர்கிறது என்று பொருள். தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்து, 12 மணி நேரம் வாந்தியும் இல்லையென்றால் தீனி தொடங்கலாம். தோல், எலும்பு, கொழுப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் சோறும் போதும். முதல் நாள் வழக்கமான அளவில் கால் பங்கு, அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்து. மூன்று நான்கு நாளில் முழு அளவுக்கு வரலாம். பசிக்கிறதே என்று முதல் நாளே வயிறு முட்ட வைத்தால் வாந்தி திரும்பிவிடும். குடல் காலியாக இருப்பதால் ஓரிரு நாள் மலம் போகாவிட்டால் பயப்பட வேண்டாம். தார் போலக் கறுத்தோ ரத்தம் கலந்தோ போனால் காத்திருக்கக் கூடாது.

தெளிவு வந்த நாயை அதன் பழக்கத்திலேயே அடையாளம் காணலாம். எழுந்ததும் முன்கால்களை நீட்டி முறுக்கும், உடம்பை உதறும், தன்னை நக்கிச் சுத்தம் செய்யும், வாசலில் ஆள் அரவம் கேட்டால் காது நிமிரும். அப்போதும் ஒரு வாரமாவது காவலுக்கு விடாமல், பத்து நிமிட நடையோடு நிறுத்துங்கள்.

ஈறு வெளுத்தாலோ மஞ்சளித்தாலோ, 12 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மறுபடி வாந்தி தொடங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாய் எழுந்து நடக்கிறதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். மனிதருக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம். காய்ச்சல் இருந்தாலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.