மருத்துவம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள். உடற்கூறியல் படிக்கவே நேரம் போதாத நிலையில், கிராமத்துக்கு அழைத்துப் போய்க் குடும்பங்களைத் 'தத்தெடுக்க'ச் சொல்கிறார்களாம். படிப்பு கெடாதா?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: கெடாது ஐயா. தத்தெடுப்பது என்றால், சில குடும்பங்களின் உடல்நலத்தை மாணவர்கள் தொடர்ந்து கவனிப்பது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் பாடத்திட்டத்தில் சேர்த்த ஏற்பாடு இது. ஆனால் 1969இல் தொடங்கிய, மகாராஷ்டிரத்தின் சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில், ஒவ்வோர் ஆண்டு மாணவர்களும் ஒரு கிராமத்தில் முகாமிட்டுத் தங்கி, அவ்வூர்க் குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கும் வழக்கம் வெகுகாலமாகவே உண்டு.

உங்கள் பக்கத்துப் பீடிக் கிராமம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துவலி என்று மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு மாத்திரை எழுதுவது எளிது. அவர் வீட்டுக்குப் போனால்தான், மடியில் பீடித் தட்டை வைத்து, தலையைக் குனிந்தபடி இலை வெட்டிச் சுருட்டி, எண்ணிக்கை முடியும்வரை எழாமல் இருப்பதையும், புகையிலைத் தூள் பறக்கும் அதே அறையில் குழந்தை உறங்குவதையும் மாணவி பார்ப்பாள். வலிக்கும் இருமலுக்கும் காரணம் அங்கே கண்ணெதிரே இருக்கிறது. ஒரு முறை போய்ப் படிவத்தை நிரப்பிவிட்டு, ஒளிப்படமும் எடுத்துக்கொண்டு திரும்பினால் மட்டும் நீங்கள் அஞ்சுவது சரி. அது பேருந்துக் கட்டணத்துக்குக்கூடப் பெறாது. அதே வீட்டுக்கு அதே மாணவி ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டும்.

வேலூரில் மருத்துவம் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதியர், 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் பணி தொடங்கி, எழுத்தறியாத பெண்கள் பலரைக்கூட ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பேறுகாலக் கவனிப்பையும் குழந்தைகளின் எடையையும் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலையும் அப்பெண்களே பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் பல நாட்டு மருத்துவர்கள் அவர்களிடம் பாடம் கேட்க வந்தார்கள். உங்கள் மகளும் தன் ஊர்ப் பணியில் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பின்னாலேயே நடக்கட்டும். எந்த வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வந்த மாணவர்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்; அதிகம் என்றார்கள்; மாத்திரை தரவில்லையே?
– வாசகி, கடையம்

பதில்: மாணவர்கள் மருந்து எழுதக் கூடாது, அம்மா. அவர்கள் பார்த்த அளவைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே உறுதியானால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்து, மாத்திரையை வீட்டிலேயே பெற வழியுண்டா என்று கேளுங்கள். மாணவர்கள் அடுத்த முறை வரும்போது, மீதமுள்ள மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள்.